நல்ல இடம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னாரே டாக்டர், கேட்கிறாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை கட்டியிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறிவிட்டது. நான் இனிப்பை ஒளித்துவைப்பதும் அவர் கண்டுபிடிப்பதுமாகப் பொழுது போகிறது.

ஒரு நல்ல சேதி. பாப்பாவுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. நாங்கள் தேடிப் போகவில்லை, அவர்களாகவே ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார்கள். உன் ஊர்ப் பக்கத்து வியாபாரக் குடும்பமாம். நம்மிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, பெண் மட்டும் போதும் என்றார்களாம். பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளோடு மல்லுக்கட்டுகிற பெண்ணை இவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று எனக்கே ஆச்சரியம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேன். முன்னால் வந்த இடங்கள் ஏன் கைவிட்டுப் போயின என்று உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத வேண்டாம்.

அடுத்த வாரம் பார்க்க வருகிறார்கள். வந்து போன பிறகு விவரம் எழுதுகிறேன். நீ அங்கே விசாரித்துச் சொல்ல வேண்டும். உன் பெயர் வெளியே வராமல் விசாரி. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பாப்பாவுக்கு நீ ஏதோ சமூக சேவை அலுவலகத்தில் இருப்பதாகத்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும். வழக்கம்போலப் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுது. உறையின் மேல் பெயர் வேண்டாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
தங்கை


ஜனவரி 19

என் தங்கச்சிக்கு,

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. டீச்சர்களும் சங்கக்காரர்களும் தொண்டையை வைத்துப் பிழைக்கிறவர்கள், அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். முட்டி என் பேச்சைக் கேட்பதில்லை, நான் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை. சரிக்குச் சரி.

பாப்பா சேதி படித்து மனசு குளிர்ந்தது. நான் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது முன்பல் விழுந்து பொக்கை வாயோடு நின்றாள். குடும்பம் யார் என்று எழுது, விசாரித்துவிடலாம். இந்த ஊரில் ஆண்களைப் பற்றி விசாரிக்க எங்கள் சங்கத்தைவிடத் தோதான அலுவலகம் ஏது? சிரிக்காதே.

சங்கம் அப்படியேதான் இருக்கிறது. சைக்கிள் கடைக்கு மேலே அதே ஒற்றை அறை. போன மாதம் ஒரு பெரிய மனிதர் வந்து இன்னொரு தையல் மெஷின் கொடுத்தார். எங்களைப் பார்த்தாலே எல்லோருக்கும் தையல் மெஷின் ஞாபகம் வந்துவிடும். மூலையில் வரிசையாக நிற்கின்றன, மேலே சாப்பாட்டு டப்பாக்களை வைக்கிறோம். “இவர் தொழிலை விட்டுத் திருந்தியவர்” என்று அவர் என்னை மைக்கில் காட்டினார். வயசாகிவிட்டதே தவிர, நான் திருந்திவிடவில்லை. எழுந்து அதைச் சொன்னதும் கைதட்டல் பாதியில் நின்றது.

இரண்டு மாதமாக ஒரே அலைச்சல். எங்கள் சங்கத்தில் நெட்டை என்று ஒருத்தி. ஆள் உயரம், வாய் அதைவிட நீளம். லாட்ஜ் அறையில் ஒருவன் ஆணுறை போட மாட்டேன் என்றிருக்கிறான். “அப்ப வேணாம், உங்க காச எடுத்துக்குங்க” என்றிருக்கிறாள். அவ்வளவுதான். தாடையையும் இடது கையையும் உடைத்துவிட்டான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் அங்கே எழுதுகிறவர், “உங்க தொழில்ல இதெல்லாம் சகஜம்தானேம்மா?” என்றார். “காசு கொடுத்தான் சார், எலும்புக்கும் சேத்தா கொடுத்தான்?” என்றேன். பெண்கள் எல்லோரும் ஸ்டேஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். பொழுது சாய்ந்த பிறகுதான் புகாரை எழுதிக்கொண்டார்கள். அடித்தவன் கடைவீதி இரும்புக் கடை முதலாளியின் மகன். ஜாமீனில் வெளியே வந்து கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறான். நாங்களும் விடுவதாக இல்லை.

பாப்பாவைப் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? சீக்கிரம் எழுது.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பரீட்சைத் தாள் திருத்துகிற வேலையில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

வந்தவர்களுக்குப் பாப்பாவைப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருக்கிறது. நீ விசாரிக்க வேண்டாம், அவருடைய சிநேகிதர் மூலம் விசாரித்துவிட்டோம். எல்லாம் திருப்திதான்.

நீ எழுதியிருந்த அந்தப் பெண்ணுக்குக் கை கூடிவிட்டதா? அடித்தவனை அவளுக்கு நிச்சயமாக அடையாளம் தெரியுமா? அறையில் வெளிச்சம் இருந்ததா? இந்த மாதிரி கேஸில் ஆள் மாறிப் போவதும் உண்டு என்கிறார்கள். சும்மா கேட்கிறேன்.

வெயிலில் அலையாதே.

தங்கை


மார்ச் 9

என் தங்கச்சிக்கு,

தொண்டை சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கியதா? நீ அதைப் பற்றி எழுதவே இல்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி நீ ஒரு வரி கேட்டதில்லை. நெட்டையிடம் காட்டி, “பாரு, என் தங்கச்சி உன்ன விசாரிச்சிருக்கா” என்றேன். அவளுக்கு ஒரே குஷி. கை கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் கோணல். குடத்தைத் தூக்கினால் நடுங்குகிறது. ஆள் மாறவில்லை. பட்டப்பகல். அவன் அவளுக்கு முன்பே பழக்கமான ஆள்தான்.

டிசம்பரில் அவன் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்ததை எழுதினேனா? பழக்கூடையோடு வந்தார். “நல்லது கெட்டது பாத்துப் போகணும்மா. என்ன வேணுமோ கூசாம கேளுங்க” என்றார். நெட்டைக்கு அப்போது தாடையில் கம்பி கட்டியிருந்தது. பல்லைத் திறக்காமலே, “உங்க பையன் இங்க வந்து, நான்தான் அடிச்சேன்னு சொல்லட்டும். அது போதும்” என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அவள்தான் மெல்ல முடியாது, நாங்களாவது தின்றிருப்போம். போகும்போது என்னைப் பார்த்து, “உங்களுக்குக் குடும்பம்னு யாரும் இல்லையா?” என்றார். “ஏன் இல்லாம? தங்கச்சி டீச்சர். அவ பொண்ணு ரத்தப் பரிசோதனை படிச்சவ” என்று பெருமையடித்தேன்.

ஆஸ்பத்திரியில் பால் ஊட்டினேன் என்பதற்காக நெட்டை என்னைத் தாய் மாதிரி என்கிறாள். இவ்வளவு உயரமான பிள்ளையை நான் எப்படிப் பெற்றிருப்பேன் என்று கேட்டால், சிரிக்கிறாள். சிரித்தால் தாடை வலிக்கிறது, அதற்கு என்னைத் திட்டுகிறாள்.

எல்லாம் எழுதினாய், மாப்பிள்ளைப் பையன் யார் என்பதை மட்டும் எழுதவில்லையே?

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்து நிறைய யோசித்தேன். நான் உன் வேலையில் தலையிடுகிறவள் இல்லை. ஆனாலும் மனசில் பட்டதைச் சொல்கிறேன். கேஸ், கோர்ட் என்று போனால் அந்தப் பெண்ணுக்குத்தான் அசிங்கம். கூண்டில் ஏற்றிக் கண்டதையும் கேட்பார்கள். பேசி முடித்துக்கொண்டால் வைத்தியத்துக்கும் ஆச்சு, பின்னாலும் ஒரு ஆதரவு. அவனும் ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டான். ஒரே பையன், ஜெயிலுக்குப் போனால் அந்தத் தாய் உயிரோடு இருப்பாளா? பிரஷர்காரி வேறு. மன்னிப்பதும் பெரிய காரியம்தான் அக்கா. நீ சொன்னால் அந்தப் பெண் கேட்பாள்.

பாப்பா விஷயம் நல்லபடியாகப் போகிறது. முடிந்ததும் எல்லாம் எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தங்கை


ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

நலம்.

அவன் ஒரே பையன் என்று நான் உனக்கு எழுதவில்லை. அவன் அம்மா பிரஷர்காரி என்பது எனக்கே தெரியாது.

பாப்பாவைப் பார்க்க வந்தது இரும்புக் கடைக் குடும்பமா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன். அதை நம்பிவிட்டு மேலே படி.

ஆமாம்.

அவர்கள் வந்து கடை விலாசச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போன இரண்டாம் நாள் உன் ஜனவரிக் கடிதம் வந்தது. ஆசிரியர் அறையில் நின்றபடியே படித்தேன். அன்று மத்தியானம் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. அவரிடம் சொன்னேன். “ஆம்பளப் பசங்கன்னா முன்ன பின்ன இருக்கும். கல்யாணமானா மாறிடுவான்” என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது எனக்கு?

பாப்பாவுக்கு முப்பது நெருங்குகிறது. இதற்கு முன் வந்த எல்லா இடமும், உன்னைப் பற்றி யாரோ காதில் போட்டதும் போய்விட்டது. கடைசியாக வந்தவர்கள் ஊற்றிவைத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அவள் அந்த டீயைக் கொட்டி, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் தேவலை. இவர்களுக்கு உன்னைப் பற்றித் தெரியும் அக்கா. தெரிந்தும் வந்திருக்கிறார்கள். இதை எப்படி நான் கைநழுவ விடுவேன்?

அவன் அவளிடம் மரியாதையாகத்தான் பேசுகிறான். போன் வந்தால் அவள் முகம் மலர்கிறது. கேஸ் முடிந்த கையோடு கல்யாணம் என்கிறார்கள். அவளிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குப் பிள்ளை இல்லை, பாப்பா உனக்கும் பெண்தான். அந்த நெட்டையைத் தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறாய். சொந்தப் பிள்ளைக்காக ஒரு தடவை செய்ய மாட்டாயா?

உன் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 24

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்க இன்று கை வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

தெரிந்தும் வந்தார்கள் என்கிறாய். தெரிந்ததால்தான் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்த மனிதர் என்னை விசாரித்துவிட்டுப் போனதற்கும் உன் வீட்டுக்கு ஆள் வந்ததற்கும் நடுவில் ஒரு மாதம்கூட இல்லை. அவர்கள் தேடியது மருமகளை இல்லை. என் வாயை அடைக்க ஒரு துணி தேடினார்கள், உன் பெண் கிடைத்தாள். நீ படித்தவள். இதை நான் எழுதித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நம்பவில்லை.

அவன் செய்ததை முழுதாக எழுதாமல் விட்டிருந்தேன். ஆத்திரத்தில் செய்ததாகச் சொல்கிறாய். முதலில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறான். அடித்து முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து டீ சொல்லியிருக்கிறான். கொண்டுவந்த ஆள் கதவைத் தட்டி, “எத்தன டீ சார்?” என்று கேட்க, “ஒண்ணு போதும்” என்றானாம். நெட்டை அப்போது குளியலறை வாசலில் கிடந்தாள். அவன் டீயை உறிஞ்சுகிற சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது என்கிறாள். எங்களுக்கு ஒரு கை, பெண்டாட்டிக்கு ஒரு கை என்று யாரும் வைத்திருப்பதில்லை. அதே கைதான் உன் வீட்டுக்கும் வரும்.

நெட்டையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மறைத்துவைத்துக்கொண்டு அவளோடு கோர்ட்டுக்குப் போக என்னால் முடியாது. “இனி இந்தக் கேஸ வேற யாராவது பாக்கட்டும், நான் ஒதுங்கிக்கறேன்” என்றேன். அவள் ஒப்பவில்லை. “அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாக்கா?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

பாப்பாவிடம் சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் நான் வீட்டு விலாசத்துக்கே எழுதுவேன், உறையின் மேல் என் பெயரைப் பெரிதாகப் போட்டு.

அக்கா


ஜூலை 8

தங்கச்சிக்கு,

நீ நலமா என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன், பதில் இல்லை. மே மாதம் பாப்பாவுக்கு எழுதியதற்கும் பதில் இல்லை. நீங்கள் எல்லோரும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நேற்று நெட்டை சாட்சி சொன்னாள். நீ கேட்டது நடந்துவிட்டது.

அரசு வக்கீல், “உங்களை அடிச்சது இந்த ஆள்தானா?” என்று கேட்டார். நெட்டை அவனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “இல்லீங்க, இவரில்ல” என்றாள்.

“அப்ப கை எப்படி உடஞ்சுது?”

“மாடிப்படில விழுந்துட்டேங்க.”

“புகார்ல பேரு சொல்லியிருக்கீங்களே?”

“வலியில என்னமோ சொல்லிட்டேங்க.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் எங்கள் பெண்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி, “அடிப்பாவி” என்றாள். நெட்டையைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா, தெரியவில்லை.

வெளியே வராந்தாவில் இரும்புக் கடைக்காரர் நேராக என்னிடம் வந்தார். எல்லோரும் பார்க்கக் கும்பிட்டு, “ரொம்ப நன்றிம்மா. உங்க உதவிய மறக்க மாட்டோம்” என்றார். பக்கத்தில் நின்ற எங்கள் பொருளாளர் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் போனார்கள். நானும் நெட்டையும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம்.

“ஏன்டி இப்படிச் செஞ்ச?”

“நீங்க எங்கிட்ட கேக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். அதான் நானே செஞ்சேன்.”

“உன்ன யாருடி கேட்டா?”

“எனக்குப் பால் ஊட்டும்போது நான் கேட்டேனா? உங்களுக்குன்னு நான் வேற என்னத்தக் குடுக்கறது? உங்க தங்கச்சி பொண்ணு நல்லாருக்கட்டும்.”

“அவனக் கட்டிக்கிட்டு அவ எப்படிடி நல்லாருப்பா?”

அதுவரை அதை யோசிக்காதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். “கல்யாணமானா மாறிடுவாங்கல்ல?” என்றாள்.

உன் வீட்டுக்காரர் சொன்ன அதே வார்த்தை. அடித்தவனுக்குப் பெண் கொடுக்கிறவர் வாயிலும் அதுதான், அடிபட்டவள் வாயிலும் அதுதான். நான் மேடை மேடையாகப் பேசியது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கே போய்ச் சேரவில்லை.

நான் கேட்கவில்லை என்று நெட்டை வீடு வீடாகப் போய்ச் சொல்கிறாள். சொல்லச் சொல்ல, நான்தான் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன் என்று நினைக்கிறார்கள்.

பாப்பாவிடம் இப்போதாவது சொல்.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

நீ நலமாகத்தான் இருப்பாய்.

கல்யாணம் நின்றுவிட்டது. அவனை விடுவித்துத் தீர்ப்பு வந்த மறுவாரம் தரகர் வந்தார். சரிப்படாது என்றார். காரணம் கேட்டதற்கு, “பொண்ணோட பெரியம்மா அப்படிப்பட்டவங்களாமே. பெரிய குடும்பம், நாலு பேர் பேசுவாங்கல்ல” என்றார். பாப்பாவின் அப்பா உள்ளே போய்ப் படுத்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

நீ சொன்னது சரிதான் என்று எழுதுவேன் என எதிர்பார்க்கிறாயோ என்னவோ. எழுத மாட்டேன். அவர்கள் எதற்காக வந்தார்கள் என்று நீ சொல்லிக் காட்டினாய். எதற்காக வந்தாலும் வந்தார்கள். நீ ஏப்ரலிலேயே முடித்துக்கொடுத்திருந்தால் நானும் கல்யாணத்தை முடித்திருப்பேன். வந்ததும் உன்னால், போனதும் உன்னால். நடுவில் என் பெண் நிற்கிறாள்.

இனி பள்ளிக்கூடத்துக்கும் எழுத வேண்டாம். தலைமை ஆசிரியை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.


அக்டோபர் 5

பெரியம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலத்தைப் பற்றி அம்மா என்னிடம் பேசியதே இல்லை, அதனால் எப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை. நலமாக இருக்கிறீர்களா?

அம்மாவுக்கும் எனக்கும் நடந்த ஒரு சண்டையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. நீங்கள் மே மாதம் எழுதிய கடிதம் என் கைக்கு வரவில்லை. கிழித்துவிட்டதாக அம்மாவே சொன்னார்கள். சங்கத்தின் விலாசத்தை அவர்களிடம் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். அந்த மாப்பிள்ளை என்னிடம் அன்பாகப் பேசினார் பெரியம்மா. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதைக்கூட ஞாபகம் வைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு பேச்சையும் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், எங்காவது தெரிந்ததா என்று. எங்கும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நான் உங்களைப் பார்க்க வரட்டுமா? அந்த அக்காவையும் பார்க்க வேண்டும். எனக்காகத்தானே அவர்கள் அப்படிச் சொன்னார்கள். அவர்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உங்களைப் பற்றித் தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்ததா என்று அம்மா கேட்டார்கள். முதலில் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை.

உங்கள் தங்கை மகள்


நவம்பர் 2

அன்பு மகளுக்கு,

எனக்கு முட்டிவலி ஒன்றுதான், மற்றபடி கல் மாதிரி இருக்கிறேன். நீ தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். வெட்கத்தை மறைக்காமல் எழுதினாயே, அந்த ஒரு வரிக்காக உன்னை எனக்குப் பிடித்துவிட்டது.

கல்யாணம் நின்றதை ஆகஸ்டிலிருந்து நான் நெட்டையிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு மறைக்க முடியவில்லை. தரகர் சொன்ன காரணத்தோடு சேர்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். “அப்ப நான் எதுக்குக்கா பொய் சொன்னேன்?” என்றாள். “சொல்லுங்கக்கா, எதுக்கு?” என்று திரும்பவும் கேட்டாள். எழுந்து போனவள் நான்கு நாள் என் பக்கம் வரவில்லை.

நீ வர விரும்புவதையும் சொன்னேன். “வேணாம்” என்றாள். “வந்து அழுவாங்க, நான் சமாதானம் சொல்லணும். எங்கிட்ட அதுக்குத் தெம்பில்லக்கா” என்றாள். அவள் சொல்வது சரி. எங்களிடம் வருத்தம் தெரிவிக்க வருகிறவர்களுக்கு நாங்கள்தான் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் இப்போது வராதே.

சங்கத் தலைவி இப்போது நான் இல்லை. செப்டம்பர் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். நானே கற்றுக்கொடுத்த வழக்கம்தான், குறை சொல்ல வாயில்லை. செவ்வாய்க்கிழமை சங்கத்துக்கு டாக்டர் வரும்போது வரிசைச் சீட்டுக் கொடுக்கிறேன். சிலர் என் கையால் சீட்டு வாங்காமல் நின்றுவிட்டு, பொருளாளர் வந்ததும் வாங்குகிறார்கள்.

இன்னொன்று. அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். கேள்விப்பட்டு நான் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நெட்டை நின்றுகொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகவே வந்திருந்தாள். இரண்டு பேரும் போனோம்.

பெண்ணின் அப்பா கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே பேசினார். நாங்கள் யார் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவன் செய்ததையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். “நாங்களும் விசாரிச்சோம்மா. கோர்ட்டே விட்டுடுச்சு. அடிபட்ட பொம்பளயே இவரில்லன்னு சொல்லிட்டாளாமே?” என்றார்.

“அந்தப் பொம்பள நான்தாங்க” என்றாள் நெட்டை. இடது கையைக் கேட் கம்பிக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

அவர் கையைப் பார்த்தார். “அன்னிக்குக் கோர்ட்ல பொய்யா, இன்னிக்கு இங்க பொய்யா? உங்கள எதுக்கும்மா நம்பறது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மாடி ஜன்னலில் ஒரு பெண் நின்றிருந்தாள். உன் வயதுதான் இருக்கும். யாரோ உள்ளே கூப்பிட, திரும்பிப் போனாள். பஸ்ஸில் நெட்டை வழி முழுக்க அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் பேச்சு அங்கே எடுபடாது. எடுபடாமல் நாங்களே செய்துவிட்டோம். ஆனால் நீ அவனுக்குப் பேசிக் கல்யாணம் நின்றுபோன பெண். டீச்சர் மகள், வேலைக்குப் போகிறவள், கௌரவமான வீடு. அவர்கள் எதை மதிக்கிறார்களோ அதெல்லாம் உன்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நீ எழுது. உன்னிடம் எப்படி அன்பாகப் பேசினான், உன் வீட்டுக்கு எதற்காக வந்தான், எப்போது விலகினான், எல்லாவற்றையும் எழுது. பெயர் போட்டு எழுது. ஊரில் உன் பெயர் இன்னும் கெடும், உன் அம்மா என்னை இன்னும் சபிப்பாள். அதையும் யோசித்துக்கொள். நெட்டையிடம் கேட்க நினைத்த மன்னிப்பை இப்படிச் செலவு செய்.

எழுதுவாயா என்று எனக்குத் தெரியாது. கல்யாணம் அடுத்த மாதம். விலாசம் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது.

உன் பெரியம்மா